நான்கு மதிப்பெண்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நலம்தானே? மூட்டுவலி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கிறாயா? இங்கே நாங்கள் சுகம். உன் மருமகள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது.

நல்ல சேதி ஒன்று. இந்த வருடச் சிறந்த ஆசிரியர் விருது உனக்குத்தான். நான் வாயே திறக்கவில்லை. மூன்று வருடமாக உன் வகுப்பு கணக்கில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி, அதுவே பேசிவிட்டது. விழாவில் பத்து நிமிடம் நீ பேச வேண்டும். ‘ஆசிரியப் பணியில் நான் கண்ட நிறைவு’ என்று தலைப்பு. முன்கூட்டியே எழுதி அனுப்பு, மலரில் போடுகிறோம். கல்வி அலுவலர் என்று பெயர்தான், அலுவலகத்தில் எல்லோரும் என்னை ‘டீச்சர் தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உன் தம்பி

ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

மாத்திரை போடுகிறேன், நம்பு. உரை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். தலைப்பைத் தாண்டவில்லை.

அக்டோபரில் நீ பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? தலைமை ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் நான்தான் எடுத்தேன். தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களைப் பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே, பெற்றோர் விருப்பப்படி விலகியதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடச் சொன்னாய். பதினோரு பேர் பட்டியலை நான்தான் எழுதினேன்.

அதில் ஒருத்தி, ஜன்னலோரம் உட்காருகிறவள். அவள் அம்மா துணி தேய்க்கிறவர். அவரை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, “ஃபெயிலானா பொண்ணு மனசு உடைஞ்சுடுவா. இப்பவே ஒரு தொழில் கத்துக்கட்டும்” என்று நான்தான் பேசினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையும் நான்தான் காட்டினேன்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் வெட்டும் இயந்திரத்தில் கை மாட்டி, வலக்கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள், மரியாதைக்காக. பிறகு கேட்டாள். “டீச்சர், நான் எப்படியும் பாஸாகியிருக்க மாட்டேன்தானே? ஆமான்னு மட்டும் சொல்லுங்க.”

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினேன். கடைசியாக எழுதிய தேர்வில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் போதும். ஐந்து மாதம் கையில் இருந்தது, தம்பி. நான்கு மதிப்பெண்.

அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் உன் தலையில் நீயே தூக்கி வைத்துக்கொள்ளாதே. எனக்கும் மேலேயிருந்து நெருக்கினார்கள். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான்.

தொழிலாளர் துறையிலிருந்து விசாரணைக்கு வருகிறார்களாம். வயது குறைந்த பிள்ளை நடுவருடத்தில் பள்ளியை விட்டு ஏன் போனாள் என்று கேட்பார்கள். அம்மாவின் கையெழுத்தைக் காட்டு, அது போதும். தொலைபேசிப் பேச்சை எடுக்காதே. என் பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருக்கிறது. உனக்கும் ஓய்வு பெற ஒன்றரை வருடம்தான். அந்தப் பெண்ணுக்கு வேறு விதமாக உதவலாம், நானே ஏற்பாடு செய்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. உரையை மறந்துவிடாதே.

தம்பி

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

நேற்று விசாரணை நடந்தது. பட்டியல் நான் எழுதியது என்றேன். எழுதச் சொன்னது யார் என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன். ஊரார் வாயால் நீ கேட்க வேண்டாம் என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன். விருது வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதத்தை, நீ கேட்டபடி, வந்த அன்றே கிழித்துவிட்டேன். அது அக்காவாகச் செய்தது.

பத்தாம் வகுப்பில் நீ கணக்கில் இருபத்தாறு வாங்கினாய். அப்பா உன்னை வேலைக்கு அனுப்பக் கிளம்பினார். நான் குறுக்கே நின்றேன். ஒரு வருடம் தினமும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தோம். நீ தேறிய அன்றுதான் நான் ஆசிரியையாக வேண்டும் என்று முடிவு செய்தேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. முப்பது வருடத்தில் எந்த இடத்தில் அது என்னை விட்டுப் போனது? தலைமை ஆசிரியர் அறையில் தேர்ச்சிச் சதவீதப் பலகை மாட்டிய அன்றா, அதைப் பார்த்து நானும் பூரித்த அன்றா? யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அவளை மறுபடி போய்ப் பார்த்தேன். “நீ பாஸாகியிருப்பேம்மா” என்றேன். பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் அவள் அம்மா, “இனிமே வராதீங்க டீச்சர்” என்றார், குரலை உயர்த்தாமல். சொல்லாமலே இருந்திருக்கலாமோ, தெரியவில்லை.

என்மேல் கோபம் வந்தால் திட்டியாவது எழுது.

அக்கா

பிப்ரவரி 20

அனுப்புநர்: கல்வி அலுவலர்
பெறுநர்: கணித ஆசிரியை (தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ளவர்)

தாங்கள் விசாரணையில் அளித்த வாக்குமூலத்தில், இவ்வலுவலகத்திலிருந்து வாய்மொழி உத்தரவு வந்ததாகக் கூறியுள்ளீர்கள். அவ்வாறு எந்த உத்தரவும் வழங்கப்படவில்லை. தங்கள் கூற்றுக்கு எழுத்துப்பூர்வ ஆதாரம் இருப்பின் அதனுடன், இக்கடிதம் கிடைத்த பத்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். தவறினால் மேல் நடவடிக்கை தொடரும்.

(ஒப்பம்)
கல்வி அலுவலர்

மார்ச் 1

மதிப்பிற்குரிய அய்யா,

தங்கள் கடிதம் கிடைத்தது.

பட்டியலை எழுதியவள் நான். அந்தத் தாயிடம் பேசிக் கையெழுத்து வாங்கியவள் நான். இதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

மீதிப் பத்துப் பேரின் வீடுகளுக்கும் போனேன். ஏழு வீடுகளில் உள்ளே விடவில்லை. மூன்று பிள்ளைகள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து கணக்குப் படிக்கிறார்கள். அடுத்த தேர்வைத் தனித்தேர்வர்களாக எழுதுவார்கள். பணிநீக்கத்தில் இருக்கிறவர் பாடம் நடத்தக்கூடாது என்று விதி இருந்தால் தெரிவிக்கவும். அப்போதும் நடத்துவேன்.

ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் இப்போது எதுவும் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் கேட்ட குரல் மட்டும்தான். அந்தக் குரல் முதல் வார்த்தை பேசிய நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை