கொக்கி உடைந்த இடம்

அன்புள்ள ஏழுமலை மச்சான்,

உன் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வல்லத்திலிருந்து கம்பம் நட்டு உன் கொல்லை வரைக்கும் கரண்ட் இழுத்துவிட்டார்கள். உன் பெண்சாதி கனகம் மோட்டார் வைத்து மல்லாட்டைப் பயிர் போட்டிருக்கிறாள். நீ கடைசியாகக் குனிந்து கல் அள்ளிய இடம் இரண்டு ஆள் ஆழத் தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது. ஊரே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

எப்படிக் குடிப்பேன் மச்சான்?

பாகிஸ்தான் சண்டை நடந்த வருஷம் மழை பொய்த்ததால்தான் நீ கிணற்றை ஆழப்படுத்த இறங்கினாய். கல் ஏற்றும் தொட்டியை மாட்ட நான் முதலில் அடித்துக் கொடுத்த கொக்கி சாதாரணக் கம்பி இரும்பு. பத்தே நாளில் அதன் வாய் விரிந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து என் பட்டறையில், நாலு பேர் இருக்கும்போது, தொப்பென்று போட்டாய்.

“இன்னா மச்சான், இது இரும்பா வெல்லப்பாகா? வாயப் பொளந்துகினு நிக்குது பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் சுருக்கென்று தைத்துவிட்டது. “இரு, வாயே தொறக்காத கொக்கி ஒண்ணு தரேன்” என்றேன்.

லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி அடித்தேன். உளிக்கு எப்படித் தோய்ச்சல் போடுவேன் என்று நீ எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய். நுனியை மட்டும் தண்ணீரில் வைப்பேன். பின்னால் மிச்சமிருக்கும் சூடு மெல்ல நுனிக்கு வரும். பொன் நிறம் ஓடும். அது வந்ததும் நிறுத்திவிடுவேன். அந்தச் சூடு திரும்பி வந்தால்தான் உளி உடையாமல் நிற்கும். அன்றைக்குக் கொக்கியை முழுசாகவே தண்ணீருக்குள் அமுக்கிவிட்டேன். திரும்பி வரச் சூடு எங்கே மிச்சம் இருந்தது? மறுபடி அனலில் காட்டியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. நீ அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தாய். அரம் வழுக்கியது. “இப்பதான் மச்சான் இரும்பு” என்று என் முதுகில் தட்டினாய்.

மாசியில் ஒரு காலை, கொக்கி இரண்டாக முறிந்து, கல்லோடு ஏறிய தொட்டி உன் தலைமேல் விழுந்தது.

மேலே கிரேன் சுற்றியவன் சவரிமுத்து. “மாதா மேல சத்தியமா நான் கைய விடல” என்று மண்ணில் விழுந்து அழுதான். அவனிடம் சாராய வாடை அடித்ததாக யாரோ சொன்னார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இரும்பு தெரிந்தவன் நான்தானே! “என் கொக்கி தானா உடையாது. கைய விட்டு வெடுக்குனு இழுத்தாதான் போவும்” என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அவன் கதை முடிந்தது. இப்போது அவனை யாரும் கிணற்று வேலைக்குக் கூப்பிடுவதில்லை. பனமலை ஏரியில் மண் வெட்டுகிறான். அவன் எதிரில் வந்தால் கனகம் தரையில் துப்புகிறாள்.

ஐப்பசியில், செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த மதராஸ்காரர் ஒருவர் செருப்புக்கு ஆணி அடிக்க என் பட்டறைக்கு வந்தார். கல்லூரியில் இரும்பைச் சோதித்துப் பார்க்கும் வேலையாம். மூலையில் கிடந்த உடைந்த கொக்கித் துண்டுகளை எடுத்துப் பார்த்தவர் கீழே வைக்கவே இல்லை. அவர் சொன்னபடி இரண்டு கொக்கிகளையும் எடுத்துக்கொண்டு மதராஸ் போனேன். ஓரத்தில் துளி வெட்டி, கண்ணாடிபோல் தேய்த்து, ஏதோ திராவகம் தடவி, பூதக்கண்ணாடிக் குழாயில் பார்க்கச் சொன்னார்.

நீ சிரித்த கொக்கிக்குள் வரப்பு கட்டிய கழனிபோலக் கட்டம் கட்டமாக இருந்தது மச்சான். நீ மெச்சிய கொக்கிக்குள் ஊசி, வெறும் ஊசி, ஒன்றன்மேல் ஒன்று குத்திக்கொண்டு.

“தண்ணியில வேகமா குளிர்ந்தா உள்ள இப்படி ஆயிடும். அரம் ஏறாது, அவ்வளவு கடினம். ஆனா பாரம் வந்தா வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும்” என்றார்.

அப்படியானால் அந்த முதல் கொக்கி வாயைத் திறந்து உன்னிடம் சொல்லித்தான் இருக்கிறது, வேண்டாம், பாரம் தாங்காது என்று. அதைத்தானே நாம் கேலி செய்தோம்?

இதோடு போயிருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று ஆறியிருப்பேன். அவர் உடைந்த இடத்தைத் திருப்பிக் காட்டினார். முழுக்கச் சர்க்கரைபோல் மின்னியது. ஓரத்தில் மட்டும் நகம் அளவுக்குக் கறுப்பு. “இந்த விரிசல் அன்னைக்கு விட்டது இல்லைங்க. தோய்ச்சப்பவே விட்டிருக்கு. உள்ள தண்ணி போய்த் துரு பிடிச்சிருக்கு. ஒரு சத்தம் கேட்டிருக்குமே?” என்றார்.

கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கேட்டது மச்சான். தண்ணீருக்குள் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். நீ பக்கத்தில் நின்று கரண்ட் வரப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். எடுத்துப் பார்த்திருந்தால் இன்னொரு தடவை உன் எதிரில் தோற்றிருப்பேன். துடைத்து உன் கையில் கொடுத்துவிட்டேன்.

வரும் மாசியில் உனக்கு வருஷத் திவசம். நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அன்றைக்குப் பனமலை போய்ச் சவரிமுத்துவை நானே கைப்பிடித்து உன் வீட்டுக்கு அழைத்து வருவேன். ஊர் கூடியிருக்கும்போது இரண்டு துண்டையும் கனகத்தின் முன்னால் வைத்து, சத்தம் கேட்டது, கேட்டும் கொடுத்தேன் என்று சொல்வேன். அதற்குப் பிறகு அவள் யாரைப் பார்த்துத் துப்ப வேண்டுமோ, துப்பட்டும்.

முறை இல்லாமலே உனக்கு மச்சானான,
செஞ்சிப் பட்டறை தங்கவேலு