மொட்டைப் பெயர்

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு. ராஜபாளையம்.

என் வீட்டுக்காரருடைய அண்ணன் இன்று சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து மகளின் கல்யாணப் பத்திரிகையை வைத்தார். சித்தப்பாமார் வரிசையில் இவர் பெயர். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘ராணுவம்’.

இவர் பேண்டேஜ் தறி ஓட்டுகிறவர். தொழிலை விடாமல் வருஷத்தில் கொஞ்ச காலம் மட்டும் சீருடை போடும் பகுதிநேர ராணுவத்துக்கு, நாற்பது வயதில் மனுப் போட்டிருக்கிறார். நேர்முகம் முடிந்துவிட்டது. உடல் பரிசோதனை அடுத்த வாரம்தான்.

“இன்னும் எடுக்கலையே,” என்றேன்.

“எடுத்துருவாவ. மத்த தம்பிமாருக்கெல்லாம் போலீசு, ராணுவம்னு இருக்கு. இவன் பேர மட்டும் எம்புட்டு நாளைக்கு மொட்டையாப் போடுறது?” என்றார் அண்ணன்.

இவர் மறுக்கவில்லை. அச்சில் இருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டதற்கு, நாட்டுக்காக என்றாராம். என்னிடம் ராணுவக் கேன்டீனில் சாமான் மலிவு என்றார். இரண்டும் பொய்யில்லை. எங்கள் தறியில் நெய்த துணி ராணுவ ஆஸ்பத்திரி வரை போகிறது. அதற்கெல்லாம் அடைப்புக்குறி கிடையாது.

அண்ணன் கிளம்பியதும் இவர் மெதுவாகக் கேட்டார். “ஏட்டி, மெடிக்கல்ல கழிச்சிட்டா?”

“பாதி ஊருக்குப் பத்திரிகை வச்சிட்டுத்தான் அவிய இங்க வந்திருக்காவ,” என்றேன்.

இப்போது இவர் பத்திரிகையோடு மாடிப்படி ஏறுகிறார். இடது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் சொடக்கு விடுகிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த அறை வரை கேட்கிறது.