நீ சொன்ன கதையில் தளபதி சாகவில்லை

நம் குடியிருப்பு வட்டத்துப் பேருந்து நிறுத்தத்தில் அந்தப் படத்தின் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். குதிரை மேல் தளபதி, கழுத்து கொள்ளாத நகையோடு இளவரசி, அடியில் பழைய நாவலின் பெயர். பார்த்ததும் உன் குரல்தான் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே என் மானம் போனதற்கு நீதான் காரணம்.

அந்தத் தடித்த புத்தகத்தை நூலகத்தில் எடுத்தவள் நீ. சுரங்கக் கேன்டீனில் சமைக்க, முதல் ஷிப்டுக்கு நாம் சேர்ந்து போன பேருந்தில், நாளுக்கு ஓர் அத்தியாயமாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். படிக்கக் கேட்டால் தரமாட்டாய். "உன் கையில குடுத்தா நாலு பக்கத்துல தூங்கிடுவ. நான்தான் சொல்லிகினு வரேன்ல, கேளு" என்பாய். கதை உச்சத்தில் நிற்கும்போது சரியாகச் சுரங்க வாசல் வந்துவிடும். அன்று முழுக்கச் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கெஞ்சினாலும் மீதியைச் சொல்லமாட்டாய்.

படம் நன்றாகத்தான் இருந்தது. பட்டும் யானையும் கோட்டை வாசலும் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. நீ சொன்ன பேச்சுகள்கூட அப்படியே வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து வருவதையெல்லாம் இவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். முன்வரிசைப் பெண் இரண்டு முறை திரும்பி முறைத்தாள். முற்றுகையில் தளபதியின் மார்பில் ஈட்டி பாய்ந்தது. இளவரசி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இவர்கூடக் கண்ணைத் துடைத்தார். "அழாதீங்க, மலையிலேர்ந்து வைத்தியர் வருவாரு, பொழச்சிக்குவான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

வைத்தியர் வரவில்லை. சிதைக்குத் தீ வைத்தார்கள். முன்வரிசைப் பெண் மறுபடியும் திரும்பி, "எங்கங்க உங்க வைத்தியரு?" என்று கேட்டாள்.

படம் எடுத்தவர்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று வீடு வரைக்கும் திட்டினேன். மறுநாளே நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். நாலு பக்கத்தில் தூங்கவில்லை, தெரிந்துகொள். நீ சொன்னதெல்லாம் சரி, அந்த ஓர் இடம் வரைக்கும். புத்தகத்திலும் தளபதி செத்துத்தான் போகிறான். வைத்தியர் என்று ஓர் ஆளே கிடையாது. நீயோ அதற்குப் பிறகும் அவனைப் போருக்கு அனுப்பினாய், இளவரசிக்குக் கட்டியும் வைத்தாய்.

அந்த அத்தியாயம் வந்த வாரம் எது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இவர் காமாலை முற்றி மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்த வாரம். நான் காலையில் வேலைக்கு வந்துவிட்டு, மாலையில் அவர் கட்டிலருகே போய் உட்காருவேன். அன்று பேருந்தில் ஈட்டி பாய்ந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். "அப்புறம் என்னடி ஆச்சு?" என்றேன். முதல் முறையாகக் கெஞ்சவிடாமல் சொன்னாய்: "மலையிலேர்ந்து ஒரு வைத்தியர் வந்தாரு. எழுந்து உக்காந்துட்டான்."

ஆனாலும் கோபம் தீரவில்லை. இவர் எழுந்து நடமாடிய பிறகாவது சொல்லியிருக்கலாமே. அதற்கப்புறம் எத்தனை வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். போன ஆடியில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள், சொல்லாமலே போய்விட்டாய்.

எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அதுக்கு இப்ப எதுக்குப் பொலம்பிகினு இருக்க? நான் எழுந்து உக்காந்துகினுதானே இருக்கேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

ஊற்றினேன். அந்த வாரம் நான் வாயில் சோறு வைத்ததே அந்த வைத்தியரை நம்பித்தான். புத்தகம் என்ன சொன்னாலும், எனக்கு அவர் வந்துவிட்டுப் போனவர்தான்.