ஆறு வாய் பட்ட சொம்பு

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

வயிற்றில் சின்னப் புண், மாத்திரையில் ஆறிவிடும். நான் தங்கியிருக்கும் அறையில் ஆறு பேருக்கும் ஒரே சொம்பு. வாய் வைத்துக் குடிப்பார்கள்; ஒருவன் அதிலேயே கொப்பளித்துத் துப்புவான். விளிம்பெல்லாம் பிசுபிசுப்பு, த்தூ! புண்ணை உண்டாக்கும் கிருமி இப்படித்தான் பரவுமாம்; எங்கள் எல்லார் வயிற்றிலும் இருக்கிறதாம். புண் எனக்கு மட்டும்.

“கிருமியை மோப்பம் பிடிக்கிற காவல் ஒண்ணு உடம்புக்குள்ள இருக்கு. அது ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேற, குடும்ப வழியா வரும். உங்க வீட்ல யாருக்காவது வயித்துவலி உண்டா?” என்றார் டாக்டர்.

அப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போ. உன் சமையல்தான் தன் வயிற்றுவலிக்குக் காரணமென்று முப்பது வருடம் தட்டைத் தள்ளினார். நானும் ஒத்து ஊதினேன். இங்கே தின்பதோ உப்புச்சப்பில்லாத கேன்டீன் சோறு!

என் பெயர் வெட்டிய டம்ளரை அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. முதலில் உன் சமையலைப் பழித்த இந்த வாயைத்தான் கொப்பளிக்க வேண்டும், அம்மா.

உன் மகன்