முறிகண்டியில் நின்ற ஐநூறு சிசி

கண்டாவளை
11.03.2025

அன்பு மகன் ரஜிதனுக்கு அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், ஜேர்மனிக் குளிரில் உனக்கு வந்த நெஞ்சுச்சளி இதற்குள் விட்டிருக்கும் என்று நம்புகிறோம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்டுவிடும், இப்போது அவர் வயலுக்குப் போயிருக்கிறார், அதோடு உனக்கு அனுப்ப ஒரு பொருளும் இருக்கிறது.

காலபோக அறுவடை முடிந்தது, வீதியில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்துவிட்டார்கள், என் பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள் மற்றப் பாதியில் ஓடுகிறது. உன் மோட்டார் சைக்கிள் கதைக்கு வருகிறேன். வாங்கி இரண்டு மாதம் மறைத்துவிட்டுத் தைப்பொங்கலன்று படம் அனுப்பினாயே, அது உன் பிழை. அன்றிலிருந்து அம்மா உன்னோடு பேசாததற்குத் தலையிடி காரணமில்லை என்று உனக்கும் தெரியும். அவருடைய தம்பி சதீஸ் மாமா பரந்தனில் மோட்டார் சைக்கிளில் போய் அடிபட்டுச் செத்துப் பதினொரு வருடமாகிறது, அதன் பிறகு அம்மா என் சைக்கிளில் ஏறவே இல்லை. கோயிலோ கலியாண வீடோ, அவர் பஸ்ஸில், நான் பஸ்ஸுக்குப் பின்னால். பரமேஸ்வரன் பஸ்ஸுக்குக் காவல் போறார் என்று ஊரில் பகிடி. எப்போதாவது மனம் மாறுவார் என்று நான் கொளுவித் திரிகிற இரண்டாவது ஹெல்மெட்டுக்கும் பகிடிதான்.

மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை ஜனகனிடம் உன் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஐயா இது ஐநூறு சிசி, இஞ்ச இப்பிடியொண்டை நான் ஒருநாளும் கழட்டினதில்லை, சடாரெண்டு பிரேக் பிடிச்சாலும் சில்லு இறுகி வழுக்காது, பயப்பிடாதேங்கோ என்றான். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னது என் பிழை. ஐநூறோ, அப்ப உங்கட சைக்கிளைப்போல அஞ்சு மடங்கு வேகத்தில எல்லோ போவான் என்று கணக்குப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார். சிசி என்றால் வேகமில்லை என்று எத்தனை சொல்லியும் ஏறவில்லை.

போன வெள்ளி முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம், அவர் பஸ்ஸில், நான் பின்னால். தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நிற்கும்போது வெளிநாட்டு நம்பர் போட்ட பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அந்தப் பக்கத்தால் போகிற வாகனமெல்லாம் பிள்ளையாரடியில் நின்றுதான் போகும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதை ஓட்டிவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினால், அம்மாவின் வயதிருக்கும், தலை முழுக்க நரைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண். அம்மா கச்சானை என் கையில் திணித்துவிட்டு, இது அவன்ர சைக்கிள் எல்லோ என்றார். நான் உன் படத்தைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மை சன், ஜேர்மனி என்றேன். கம்பனி வேறு, அளவு ஒன்றுதான் என்று அந்தப் பெண் கையால் விளங்கப்படுத்தினார்.

அம்மா சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்தார், இருக்கையை அமத்திப் பார்த்தார், சில்லைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய் ஐயரையும் தேசிக்காய்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்க, ரஜிதன், பூரட்டாதி என்றார் அம்மா. ஐயர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சைக்கிள் ஆரின்ர என்றார். சைக்கிள் அவவின்ர, பூசை மகனுக்கு, நீங்கள் செய்யுங்கோ என்றார் அம்மா. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெண்ணோ சந்தோசமாக நின்று சைக்கிளின் முன்விளக்குக்குச் சந்தனம் பூசவிட்டு, அம்மா காட்டியபடி இரண்டு தேசிக்காயையும் சில்லால் நசித்து ஓட்டினார். ஐயர் இரண்டு நூல் கொடுத்தார். ஒன்றை அம்மா அந்தப் பெண்ணின் ஹாண்டிலில் கட்டினார், மற்றது இந்த உறைக்குள் இருக்கிறது.

பஸ் வந்தது. நான் பின்னால் போக ஆயத்தமாகச் சைக்கிளை உதைத்தேன். அம்மா பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அந்த ஹெல்மெட்டைத் தாங்கோ என்றார். பதினொரு வருடத் தூசி, ஊதித் துடைத்துக் கொடுத்தேன். வீடு வரும்வரை மெதுவா, மெதுவா என்று ஒரே மந்திரம், நெல்லேற்றிய ட்ரக்டர்கூட எங்களை முந்திக்கொண்டு போனது. பிடித்த பிடியில் என் சேர்ட் பொத்தான் இரண்டு போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, முன்னுக்கு இருந்தபடியால் அவர் காணவில்லை.

நூலை வலது ஹாண்டிலில் கட்டு, வயரோடு சேர்த்துக் கட்டாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மா உனக்குப் போன் எடுப்பார், சைக்கிள் கதையை நீ தொடங்காதே, அவரே கேட்கட்டும். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு வந்ததும் ஒரு சொல் அனுப்பு, மறவாதே. முறிகண்டியான் உன் வழிக்கெல்லாம் முன்னால் போகட்டும், நோய்நொடியில்லாமல் நன்றாக இரு.

அன்புள்ள அப்பா,
க. பரமேஸ்வரன்

பி.கு.: நாளை நாங்கள் கிளிநொச்சிக்குப் போகிறோம். பஸ் எத்தனை மணிக்கு என்று அம்மா இன்னும் கேட்கவில்லை.