கண்ணாடி வீட்டுக்குச் சுங்குடிச் சேலை

திண்டுக்கல்
9 ஜூன் 2024

ஆர்க்கிடெக்ட் மதியழகன் அவர்களுக்கு,

வணக்கம். பயப்பட வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் இல்லை. தொழில் விஷயம்.

சென்னையில் நவீன வீடுகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். அதன் பொறுப்பாளர் தாஹிரா, கன்னிவாடி கண்ணாடி வீட்டுக்கு மாடல் செய்து தரச் சொல்லி என் பட்டறையைக் கேட்டிருக்கிறார். நீங்கள் கட்டிய அந்த வீட்டில் உங்கள் மனைவியாக ஆறு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான் என்பது பாவம், அவருக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் மாடல் செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

வரைபடங்கள் வேண்டும். இரும்புச் சட்டங்களின் கனம், கண்ணாடியின் அளவு, எல்லாம். போனில் கேட்டிருக்கலாம். பேசத் தொடங்கியதுமே பழசு கிளம்பிவிடும். அதனால்தான் கடிதம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

அன்புக்கரசி


சென்னை
17 ஜூன் 2024

அன்புள்ள அன்பு,

பன்னிரண்டு வருடம் கழித்து உன் கையெழுத்து. இன்னும் கோழி கிண்டின மாதிரிதான் இருக்கிறது.

வரைபடங்கள் உள்ளே. வேறு யார் செய்வதாக இருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். எத்தனையோ கட்டிவிட்டேன், பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த வீடு ஒன்றுதான். கன்னிவாடி பஸ்ஸில் கண்டக்டர் இன்றைக்கும் "கண்ணாடி வீடெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்கிறார், தெரியுமா? ஷோரூம் என்று நினைத்து உள்ளே வந்து நம் சோபாவுக்கு விலை கேட்டாரே ஒருத்தர், அவரையும் நான் மறக்கவில்லை.

ஒன்றே ஒன்று. மாடலில் திரை எதுவும் வேண்டாம். பத்திரிகையில் வந்த புகைப்படம் போலவே இருக்கட்டும். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து மலை தெரிய வேண்டும். சாவி செல்லக்கிளியிடம் இருக்கிறது. வீட்டை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். போய் அளந்துகொள்.

மதி


திண்டுக்கல்
7 ஜூலை 2024

மதியழகன் அவர்களுக்கு,

அளந்தேன். உங்கள் வரைபடத்தில் ஒரு நூல் பிசகில்லை. சட்டத்தில் துரு இல்லை. வீடு நிமிர்ந்து நிற்கிறது. கோபத்தோடுதான் போனேன், பார்த்ததும் "இது என் வீட்டுக்காரர் கட்டியது" என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் செல்லக்கிளிதான் இருந்தாள். அவளிடமே சொன்னேன்.

அவள் சும்மா இருப்பாளா? "அய்யா பொங்கலுக்குப் பொங்கல் இங்கனதாம்மா வாராரு. வந்ததும் மொத வேலையா ஒங்க சுங்குடிச் சேலையெல்லாம் எடுத்துச் சுத்திவரக் கட்டச் சொல்லுவாரு. செல்லக்கிளி, இம்புட்டு வெளிச்சத்துல எப்படி ஒறங்குறதும்பாரு" என்றாள்.

இதற்குத்தானே நான் ஆறு வருடம் மல்லுக்கட்டினேன்? உடை மாற்ற ஒரு மறைவு கேட்டேன். கண்ணாடி வீட்டில் திரையா என்றீர்கள். என் சேலைகளை நானே கட்டிக்கொண்டேன். புகைப்படக்காரர் வந்த அன்று என்னை ரெட்டியார்சத்திரத்தில் உங்கள் அக்கா வீட்டுக்கு அனுப்பினீர்கள். திரும்பி வந்தால் சேலைகள் மூட்டையாகக் கிடந்தன. அந்தப் படத்தில் மலை இருக்கிறது, சோபா இருக்கிறது, நான் இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுவாரமே கிளம்பி வந்தேன்.

மாடல் சேலையோடுதான் வரும். நிஜச் சுங்குடியை வெட்டி ஒட்டினால் அந்தச் சின்ன மாடலில் புள்ளி ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். அதனால் மல் துணியில் ஊசி முனையால் புள்ளி வைக்கிறேன். பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புக்கரசி


சென்னை
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அன்பு,

செல்லக்கிளியின் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

மாடல் வந்ததும் தாஹிரா போன் செய்தார். "சார், பட்டறையில ஏதோ தப்பு பண்ணிட்டாங்க. சுத்தியும் துணி தொங்குது. சுவத்துல மாட்டியிருக்கற போட்டோவோட பொருந்தல. எடுத்துடலாமா?" என்றார்.

நேரில் போனேன். குனிந்து பார்த்தேன். சமையல் மேடைப் பக்கம் பச்சை, படுக்கைப் பக்கம் அரக்கு. நீ கட்டியிருந்த அதே வரிசை. நானும் செல்லக்கிளியும் எத்தனை பொங்கலுக்குக் கட்டியும் அந்த அழகு ஒருநாளும் வந்ததில்லை.

"துணி இருக்கட்டும். போட்டோவை எடுத்துடுங்க" என்றேன்.

"ஏன் சார்?"

"அதுல வீட்டுக்காரி இல்லை."

இதைச் செய்தது என் மனைவி என்று அங்கே நின்ற எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

மதி


திண்டுக்கல்
18 ஆகஸ்ட் 2024

என்னங்க,

புகைப்படம் இருந்துவிட்டுப் போகட்டும். திரும்ப மாட்டச் சொல்லுங்கள். பக்கத்திலேயே என் மாடலை வைக்கட்டும். எது வீடு என்று பார்க்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு என் வேலை மேல் அவ்வளவு நம்பிக்கை.

வருகிற பொங்கலுக்கு நானும் கன்னிவாடி வருகிறேன். செல்லக்கிளி பெட்டியைத் திறந்து காட்டினாள். சேலைகளில் ரெண்டு நைந்துபோயிருக்கிறது. சின்னாளபட்டியில் புதிதாக எடுத்து வருகிறேன். நிறம் என் இஷ்டம், உங்களைக் கேட்க மாட்டேன். கட்டுவதும் நான்தான். நீங்கள் கட்டினால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறதாம்.

நீங்கள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அன்பு