பெரியவர்களுக்கு மட்டும்

மதியம் கரண்ட் வந்தது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் கரண்ட் வந்துவிட்டதென்று பர்மியில் 'மீ லாபி' எனக் கூவி ஓய்வதற்குள் என் கைப்பேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால் உனக்கு வந்த மின்னஞ்சல். 'உங்கள் கடற்கரை நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று உன் பெயரைப் போட்டு, கரீபியன் தீவிலிருந்து அந்த விடுதிக்காரன் எழுதியிருக்கிறான். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அதை அவனுக்கு யார் சொல்வது? உனக்கு மின்னஞ்சல் கிடையாது என்று என்னுடையதைக் கொடுத்துப் பதிந்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இனி அனுப்பாதே என்று சொல்லும் பொத்தானை அழுத்தினால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது திறப்பதற்குள் கரண்ட் போய்விடுகிறது. இருந்தபோதும் உன்னால் எனக்கு நிம்மதியில்லை, இப்போதும் இல்லை.

அலோன் படித்துறைப் பக்கத்துத் தேநீர்க் கடையில்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. நீ லைங் தாயாவில் நீச்சல் உடை தைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரி. வெள்ளைக்காரிகள் போடப்போகும் உடுப்புகளின் தையலை இழுத்து இழுத்துப் பார்ப்பது உன் வேலை. அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் எங்கேதான் போகிறார்கள் என்று தேடப்போய் இந்த விடுதியைக் கண்டுபிடித்திருந்தாய். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடிப்பது எல்லாம் ஒரே கட்டணத்தில். அந்தத் தீவிலேயே மலிவானதும் அதுதானாம். உன்னைப் பிடித்தது அதுவெல்லாம் இல்லை. 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்த வரியில் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாய். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்றேன். சொந்தக்காரப் பிள்ளைகளையுமா என்று கேட்டாய். யார் பிள்ளையானாலும் விடமாட்டார்கள் என்றதும் தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றியபடி அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாய்.

உன் வீடு எனக்குத் தெரியாதா? உன் தங்கை செல்வியின் புருஷன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனவன், அப்புறம் ஒரு தகவலும் இல்லை. செல்வி கடைத்தெருவில் பலகாரம் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் உன் இடுப்பிலும் முதுகிலும் வளர்ந்ததுகள். தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி நீ வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே 'பெரியம்மா, இவன் அடிச்சுட்டான்' என்று பஞ்சாயத்து தொடங்கிவிடும். நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் உனக்கு வேலை இருக்காது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

நான் விமானச் சீட்டுப் போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். பர்மா கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அந்தத் தீவுக்குப் போவதென்றால் வழியில் எந்தெந்த நாட்டு விசா வேண்டும், அதில் எதெது கிடைக்காது என்று படம் போட்டு விளக்கினேன். நீ அதைக் காதில் வாங்கவேயில்லை. அங்கே தங்கிவந்தவர்கள் எழுதிய கருத்துகளைப் படிக்கச் சொல்லி என் உயிரை எடுத்தாய். அதுவும் நல்லதாக எழுதியவற்றை ஒதுக்கிவிட்டு, திட்டியவற்றை மட்டும் கேட்பாய். படுக்கை கல் மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "நான் படுக்குறது பலகைதானே" என்றாய். கடற்கரையெல்லாம் பாசி ஒதுங்கி நாறுகிறது என்று ஒருவன் எழுதியிருந்தான். அலோன் ஆற்றைவிடவா என்று கேட்டாய். ராத்திரிச் சாப்பாடு தினமும் ஒரே மாதிரி என்று இன்னொருத்தி புலம்பியிருந்தாள்.

"யாரு சமைச்சது?" என்று கேட்டாய்.

"யாரோ சமையக்காரன்."

"நான் இல்லல்ல? அப்ப ஒரே மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

இப்படி ஒவ்வொரு குறையையும் நீ நிறையாக மாற்றிக்கொண்டே போக, நான் எதை வைத்து உன்னைத் தடுப்பது? ஒருநாள் பொறுமை போய், கடல்தானே வேண்டும், ங்வே சாங் இருக்கிறதே, காலையில் பேருந்து ஏறினால் மதியம் அலையில் கால் வைக்கலாமே என்று கத்தினேன். மதியத்துக்குள் போகிற இடத்துக்குச் செல்வியும் மதியத்துக்குள் வந்துவிடுவாள் என்றாய். நான் அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கும் பிடிவாதம் வந்தது. ங்வே சாங்கில் ஒரு சின்ன விடுதிக்காரரிடம் பேசி, சாப்பாட்டையும் சேர்த்து ஒரே கட்டணமாக முடித்தேன். நீயும் நானும் மட்டும். யாரிடமும் மூச்சு விடாதே என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேன். புறப்படும் நாளில் லைங் தாயா பேருந்து நிலையத்துக்கு வந்தால், உன் பக்கத்தில் செல்வி நிற்கிறாள். மூன்று பிள்ளைகள், ஒரு பிளாஸ்டிக் வாளி, முறுக்கு டப்பா. நான் உன்னைத் தனியாக இழுத்துக் கேட்டபோது நீ சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு எரிகிறது: "எங்க போறேன்னு கேட்டா. சொன்னேன்."

கடலுக்குப் போய் நீ என்ன செய்தாய்? மூத்தவளுக்குத் தலை துவட்டினாய். நடுவுள்ளவன் கண்ணில் விழுந்த மண்ணை ஊதி எடுத்தாய். சின்னவளுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தாய். விடுதிக்காரர் கொண்டுவந்து வைத்த உன் தட்டு ஆறிப்போய்க் கிடந்தது. நான் அடக்கமாட்டாமல், வாயைத் திறந்து ஒரு வார்த்தை முடியாது என்று சொன்னால் என்ன என்று கேட்டேன். நீ முள்ளைத் தட்டோரத்தில் ஒதுக்கிக்கொண்டே சொன்னாய்.

"முகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வராதுடீ. அதான் அவ்வளவு தூரமான ஊரா கேட்டேன். அங்கன்னா வாசல்லயே அவன் சொல்லிருவான்."

விசா கிடைக்காது என்பது உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. உனக்காக யாரோ ஒருவன் முடியாது என்று சொல்கிற இடம் உலகத்தில் இருக்கிறது என்பதைப் படித்துக்கொண்டிருப்பதே உனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. இது புரியாமல் நான் உனக்கு விமானப் பாதை வரைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் செல்வியையும் பிள்ளைகளையும் கிளப்பிக்கொண்டு மீனவர் குப்பம் வரை நடந்துவிட்டு, வேண்டுமென்றே சுற்றித் திரும்பினேன். வந்து பார்த்தால் நீ சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறாய். ஒரு பக்கக் கன்னம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. எழுப்பியதும், நீங்கள் எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று என் மேலேயே குறைபட்டாய்.

அடுத்த மழையில் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கேட்டதற்கு, உடன் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னாள்: வலி நாலைந்து நாளாகவே இருந்ததாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை, அது முடியட்டும் என்று சொன்னாயாம். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரிடம் கோபித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

செல்வி கெட்டவள் இல்லை. உன்னை நினைத்து அவள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சாய்ந்து பழகியவளுக்குச் சாய ஒரு தோள் வேண்டும். காரியம் முடிந்த கையோடு பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினாள். முதலில் ஒரு நாள் என்றாள். பிறகு கேட்காமலே வந்தார்கள். எனக்கும் அவர்கள் மேல் பிரியம் உண்டு. மூத்தவள் சிரித்தால் உன் பல்வரிசை. ஆனால் போன வாரம் அலுவலகம் முடிந்து வந்து படியேறுகையில் எனக்கே மூச்சு வாங்கியது. நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே செல்வியைத் தேடிப் போனேன்.

அவள் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இனி மாதத்தில் ஒரு ஞாயிறு நானே வந்து அழைத்துப் போகிறேன், மற்ற ஞாயிறுகளில் அனுப்பாதே என்றேன். ஊருக்கு எங்கேயாவது போகிறீர்களா என்று கேட்டாள். இல்லை, வீட்டில்தான் இருப்பேன் என்றேன். ஜாரணியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"எங்கக்கா இருந்தா இப்படிச் சொல்லிருக்க மாட்டாக்கா."

"மாட்டா. அதனாலதான் நான் சொல்றேன்."

அவள் கண் கலங்கியது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபடியேதான் நின்றேன்.